சாய்ந்தோடும் ரயிலில் வந்த மாப்பிள்ளை

அத்தியாயம் ஐந்து

அந்தக் குரல் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசியது.

“மாதா சபை ஆக்கள் எல்லாரும் கேளுங்கோ. அனிற்றாவுக்குப் பேசின மாப்பிள்ளை யப்பானுக்குப் போனதே இல்லை. அவர் ஒரு ரயிலுக்குப் பக்கத்திலை நிண்டு எடுத்த படம் வைச்சிருக்கிறார். பால் நிற ரயில், சிவப்புப் பட்டை. அந்த நிறம் அவர் தவழுற காலத்திலேயே அழிஞ்சு போச்சு. படம் பொய். ஆளும் பொய். பிள்ளையைப் பாழாக்காதேங்கோ.”

கோயில் மாதா சபைப் பெண்களின் போனுக்கெல்லாம் வந்திருந்த அந்தக் குரல்பதிவை விமலராணி மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள். வண்டியின் முன் இருக்கையில் அவளோடு நெருங்கி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கிறிகோரி கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தபடியே இருந்தான். வண்டி என்றால், சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற ஆப்பே, மூன்று சில்லு. அதை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தான். பலெர்மோவில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். ஆனாலும் தண்டச் சீட்டு எழுதுகிறவன் தன்னைத் தேடித்தான் காலையில் சப்பாத்துப் போடுகிறான் என்பது கிறிகோரியின் உறுதியான நம்பிக்கை. தண்டம் வந்தால் பேர் பதிவாகும், பேர் பதிந்தால் permesso என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்கிற இடத்தில் கேள்வி வரும், கேள்வி வந்தால் நாக்கு உலரும். பயம் வரும்போதெல்லாம் அவனுக்குப் பகிடியும் வரும். இரண்டும் ஒரே கதவால்தான் வந்துபோகும்.

“முந்தின காலத்திலை மொட்டைக் கடிதம் எழுதுறவன் பேப்பருக்கும் முத்திரைக்குமாவது செலவழிச்சவன்,” என்றான். “இப்ப மூக்கு ஒண்டு இருந்தாப் போதும்.”

விமலராணி சிரிக்கவில்லை. அவள் துப்பறியும்போது சிரிப்பதில்லை. மற்ற நாட்களில் ஒரு வயோதிப இத்தாலிய அம்மாவை, சின்யோராவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மருந்து கொடுக்கிற வேலை. ஓய்வு கிடைக்கிற நேரத்தில் மாப்பிள்ளை விசாரிப்பு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கூட ஆட்கள் எடுத்துக் கேட்பார்கள்: பலெர்மோவில் இன்னாருடைய மகன் எப்படி, குடிப்பானா, வேறு எங்காவது தொடுசல் இருக்கிறதா என்று. அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் ‘வேண்டாம்’ என்று சொன்ன மாப்பிள்ளையை மூன்று கண்டத்திலும் ஒருவரும் தொடமாட்டார்கள்.

அன்று சனிக்கிழமை. பின்னேரப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அனிற்றாவுக்கும் டினேஷுக்கும் மோதிரம் மாற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் விமலராணி ஒரு சொல் சொல்லவேண்டும். ஓம் என்றால் மோதிரம். இல்லை என்றால் பெண் வீட்டார் சுட்டுவைத்த கேக்கை வெட்டாமலே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

விசாரிப்புக் கேட்டு வந்தது அனிற்றாவின் தாய் மாக்கிரட். பேர்தான் அவளுடையது, பிடிவாதம் மகளுடையது. விமலராணி அக்கா தேடிப் பார்த்துச் சொல்லட்டும், அதைத்தான் நான் கேட்பேன், மற்றவர்களுடைய கதை வேண்டாம் என்று அனிற்றா ஒற்றைக்காலில் நின்றாளாம். கல்யாணத்துக்குச் சொல் கொடுத்தாகிவிட்டது, பங்குச் சுவாமிக்கும் சொல்லியாயிற்று, இனி நானாக எப்படி மறுப்பது என்று மாக்கிரட் கையைப் பிசைந்தாள். பிறகு தன் போனில் இருந்த அந்தப் படத்தைக் காட்டினாள். பால் நிற ரயில், சிவப்புப் பட்டை, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிற டினேஷ். பேச்சுத் தொடங்கியபோது அவன் அவளுக்கு மட்டும் அனுப்பியது. மோதிரம் மாறும் வரைக்கும் மாப்பிள்ளையின் படத்தை வெளியில் காட்டினால் கண்ணூறு பட்டுவிடும் என்று அவள் அதை மகளுக்குக்கூடக் காட்டவில்லை. போகும்போது வாசலில் நின்று, நிறத்தை வடிவாகப் பாருங்கோ என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

“சரி, வண்டியை எடுங்கோ,” என்றாள் விமலராணி. “முதல் மாப்பிள்ளை.”

டினேஷ் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்முற்றத்தில் மட்டிச் சிப்பி கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரை ரப்பர் கையுறை, காலடியில் தண்ணீர். மோதிரம் மாற்றப் போகிறவன் அன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கிறான் என்பது கிறிகோரிக்குப் பிடித்திருந்தது. ஆனால் துப்பறிகிறவர்கள் யாரையும் பிடித்துப்போகக் கூடாது என்பதால் முகத்தைக் கடுமையாக்கினான். அந்த முகத்தோடு ஒரு மட்டி மேல் கால் வைத்து வழுக்கி, சுவரைப் பிடித்து நிமிர்ந்தான்.

டினேஷ் கையுறைகளைக் கழற்றினான். மணிக்கட்டில் விளிம்பைப் பிடித்து உள்வெளியாக உருட்டி, ஒன்றுக்குள் மற்றதை அடக்கி, நனைந்த பக்கம் தோலில் படாமல் ஒரு சின்ன உருண்டையாக ஓரத்தில் வைத்தான். விமலராணி அந்த உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு கேள்விகள். யப்பானில் எங்கே? இசுமோ என்ற ஊரில், நாலு வருடம். என்ன வேலை? ரயில் வேலை. எந்த ரயில்? யகுமோ என்கிற எக்ஸ்பிரஸ்; ஒக்கயாமாவில் இருந்து மலைக்குள்ளால் வளைந்து வளைந்து வரும், வளைவில் பெட்டி அப்படியே சாயும். ரயிலில் என்ன வேலை? அதற்கு அவன் மறுபடியும் ரயில் வேலை என்றான். கல்யாணத் தரகர் அதை ரயில் எஞ்சினியர் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். அதைப் பற்றிக் கேட்டபோது டினேஷ் தான் அப்படி ஒருபோதும் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னான்.

விமலராணி முதல் நாள் இரவு கூகுள் மப்பில் அந்தப் பாதை முழுவதையும் விரலால் ஓடிப் பார்த்து வைத்திருந்தாள். ஒக்கயாமாவில் ரயில் வெளிக்கிட்டால், மலைப்பக்கம் ஏறும்போது ஒரு பெரிய ஆறு கூடவே வரும். அது எந்தப் பக்கத்து யன்னலால் தெரியும் என்று கேட்டாள்.

டினேஷுக்குத் தெரியவில்லை. ஆறு இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

“சில வேளை இவர் வாற நேரம் ஆறு ஒளிச்சிருக்கும்,” என்றான் கிறிகோரி மெதுவாக.

டினேஷின் காது சிவந்தது. விமலராணி இன்னும் ஒன்றே ஒன்று கேட்டாள். ரயிலுக்குள் முகம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் என்ன வைத்திருப்பார்கள்?

“பை,” என்றான் அவன். யோசிக்கவே இல்லை.

“என்னத்துக்குப் பை?”

அவன் கையுறை உருண்டையை விரித்து மறுபடியும் மாட்டிக்கொண்டு மட்டிச் சட்டிக்குத் திரும்பினான். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வண்டியில் ஏறியதும் கிறிகோரி தீர்ப்பை எழுதி முடித்துவிட்டான். நாலு வருடம் ஒரு ரயிலில் வேலை செய்தவனுக்கு ஆறு தெரியாது. என்ன வேலை என்று கேட்டால் வாய் திறக்காது. இவன் யப்பானைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பாவம் அனிற்றா, பாவம் கேக்.

“நீர் ஏன் பையைப் பற்றிக் கேட்டனீர்?” என்றான்.

“அவன் கையுறை கழட்டினதைப் பாத்தனீங்களோ?”

“பாத்தன். கையாலைதான் கழட்டினவன்.”

விமலராணி அதற்கு மேல் சொல்லவில்லை. கதையின் நடுவில் வாயை மூடிக்கொள்வது அவளுடைய தொழில் ரகசியம். கிறிகோரிக்கு அதுதான் குடும்ப வாழ்க்கையில் உள்ள பெரிய கஷ்டம்.

அடுத்தது நிறம். பலெர்மோவில் ரயிலைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு ஆள்தான். பெரிய ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்யோர் கூசிமானோ என்றவர் விளையாட்டு ரயில் கடை வைத்திருந்தார். விளையாட்டு என்று அவர் முன்னால் சொல்லக்கூடாது. உலகத்தில் ஓடுகிற ரயில், ஓடி முடிந்த ரயில் எல்லாம் விரல் நீளத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் நின்றன. கடையில் வாங்குகிறவர்களைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதிகம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்குக் கேட்கவும் ஆளில்லை. இவர்களைக் கண்டதும் இரண்டு கதிரையை இழுத்துப் போட்டார். கிறிகோரி கதவுப் பக்கமாக உட்கார்ந்தான். ஆப்பே அங்கிருந்து தெரியும்.

விமலராணி படத்தைக் காட்டினாள். கூசிமானோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. முதலில், சாய்கிற ரயில் என்றால் இத்தாலிதான் என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அந்த ரயில் சிசிலிப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதைக் கிறிகோரி ஞாபகப்படுத்தப் பார்த்தான், விமலராணி காலில் மிதித்தாள். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார்.

யகுமோ என்ற பேரில் எழுபத்திரண்டில் முதலில் ஓடியது டீசல் வண்டி. எண்பத்திரண்டில் பாதைக்கு மேலே மின்கம்பி இழுத்த பிறகுதான் இந்த மின்சார ரயில் வந்தது. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பவேண்டும், அதற்காகப் பெட்டி உருளைகள் மேல் இருந்து தன்பாட்டில் ஊஞ்சல் மாதிரிச் சாயும். மோட்டார் தள்ளுவதில்லை, வளைவின் வேகமே சாய்க்கும். சின்யோர் எழும்பி நின்று தன் உடம்பைச் சாய்த்தே காட்டினார். வளைவு தொடங்கிக் கொஞ்சம் பிந்தித்தான் பெட்டி சாயும், வளைவு முடிந்து கொஞ்சம் பிந்தித்தான் நிமிரும். கண் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். பார்த்துக்கொண்டிருந்த கிறிகோரிக்கே தலை சுற்றியது.

நிறத்துக்கு வந்தார். ஆரம்பத்தில் பாலும் சிவப்பும்தான். தொண்ணூறுகளில் பூச்சை மாற்றினார்கள்: ஊதா வந்தது, பச்சை வந்தது, பிறகு வெள்ளையில் சிவப்பு. அந்தப் பாதையில் இந்தப் பழைய நிறம் அத்தோடு போய்விட்டது.

கிறிகோரி எழும்பிவிட்டான். டினேஷுக்கு இருபத்தொன்பது வயது. மூக்குக் குரல் சொன்னது முழுக்கச் சரி. சின்யோருக்குக் கைகொடுத்து நன்றியும் சொல்லிவிட்டான். ஒரு கை கதவுப் பிடியில், ஒரு கண் வண்டியில்.

விமலராணி கதிரையை விட்டு அசையவில்லை. “பிறகு?” என்று கேட்டாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கூசிமானோ பல வருடமாக அந்தக் கடையைத் திறந்து வைத்திருந்தார் போலிருக்கிறது. கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷப்பட்டார். ஒருவரும் ‘பிறகு’ என்று கேட்பதில்லையாம். போன கிழமையும் உங்கள் நாட்டுச் சின்யோரா ஒருவர் வந்தார், இதே படத்தைத் தன் போனில் காட்டினார், நான் நிறம் போய்விட்டது என்று சொல்லி மூச்செடுப்பதற்குள் பஸ் வருகிறதென்று ஓடிவிட்டார், கதையின் நல்ல பகுதியே அதற்குப் பிறகுதான் என்று குறைப்பட்டார்.

கிறிகோரி கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றான். இதே படம். மாக்கிரட்டின் போனில் மட்டும் இருக்கிற படம். கண்ணூறுக்குப் பயந்து மகளுக்குக்கூடக் காட்டாத படம்.

“விமலி,” என்றான்.

அவள் கண்ணாலேயே அவனைத் திரும்ப உட்காரவைத்தாள். சின்யோர் மிச்சத்தைச் சொன்னார். அந்த ரயிலின் பேருக்கு ஐம்பது வயது வந்தபோது, இரண்டாயிரத்து இருபத்திரண்டில், பழைய ஞாபகத்துக்காக ஒரு தொடரை மறுபடியும் பாலும் சிவப்புமாகப் பூசி ஓடவிட்டார்கள். சனம் கமராவோடு தண்டவாள ஓரமெல்லாம் நின்றது. வளர்ந்த மனிதன் ஒருவன் அந்த நிறத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தால், அது அந்தக் காலத்தில்தான். அதன் பிறகு அதுவும் முடிந்தது. இருபத்திநாலாம் ஆண்டு ஜூனில் வழமையான ஓட்டத்திலிருந்தே அந்தப் பழைய ரயில்களை எடுத்துவிட்டார்கள். புதியது வந்துவிட்டது, அதுவும் சாயும், ஆனால் வளைவு எங்கே என்று முதலே அறிந்து நேரத்துக்குச் சாயும்.

புறப்படும்போது விமலராணி ஒரு சந்தேகம் கேட்டாள். பழைய ரயிலில் தொட்டிக்குப் பக்கத்தில் பை ஏதும் இருக்குமா? கூசிமானோ சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவிக் காட்டினார். ஓமாம். அந்த ரயில் அதற்கும் பேர்போனதாம்.

வண்டியில் கிறிகோரி சாவியைப் போடவே இல்லை.

“மாக்கிரட் அக்கா தானே அனுப்பிப்போட்டு, தானே வந்து எங்களைப் பிடிச்சவவோ? கள்ளன் தன்னைப் பிடிக்கத் தானே பொலிசுக்கு அடிக்கிறதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

“அவவுக்கு எங்களிட்டை வர விருப்பமில்லை. அனிற்றாதானே அனுப்பினவள்,” என்றாள் விமலராணி. “சொல் குடுத்த தாய் தானா மறுக்கேலாது. மொட்டையா ஒரு கதை வந்தால் மறுக்கலாம். ஊரிலை எத்தினை கலியாணம் அப்பிடி மரியாதையா நிண்டது.”

“அதுசரி, அவ ஏன் மறுக்கவேணும்?”

அதை அவளும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கோயில் மண்டபத்துச் சமையலறையில் மாக்கிரட் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சேலை, அதற்கு மேல் ஏப்ரன். விமலராணி அடுப்பைத் தணித்துவிட்டு, கதவைச் சாத்தும்படி கிறிகோரிக்குக் கண் காட்டினாள். கிறிகோரி கதவில் முதுகை வைத்து நின்றான். வெளியே மாதா சபைப் பெண்கள் கதிரை அடுக்குகிற சத்தம் கேட்டது. அவர்களில் யாராவது இப்போது உள்ளே வந்தால் என்ன சொல்வது என்று நினைத்து நினைத்து அவனுக்கு வியர்த்தது.

விமலராணி குற்றம் சாட்டவில்லை. ரயில் கடைக்காரர் உங்களைக் கேட்டார் அக்கா, பஸ் பிடிக்க ஓடாமல் இருந்திருந்தால் மிச்சக் கதையும் சொல்லியிருப்பாராம் என்றாள். அவ்வளவுதான். மாக்கிரட் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவுக்கு மருந்து கொடுக்கிற நேரம், அதுதான் ஓடினேன் என்றாள் முதலில், பெரிய குற்றம் அதுதான் என்பது போல. பிறகு மெல்ல மெல்ல வந்தது. டினேஷ் ஒருநாள் அனிற்றாவிடம், அந்த ரயிலை உமக்குக் கட்டாயம் காட்டுவன் என்று சொன்னானாம். மாக்கிரட் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ரயிலைக் காட்டுவது என்றால் யப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போவது. போனால் அங்கேயே இருந்துவிடுவார்கள். மனிசன் இல்லாமல் இந்த ஊரில் மற்றவர்களுடைய மாடிப்படிகளைத் துடைத்து வளர்த்த ஒரே பிள்ளை.

“பொடியன் நல்லவன். எனக்குத் தெரியும்,” என்றாள். “அதுதான் ஒரு பிழையும் கிடைக்காமல் நிறத்தைப் பிடிச்சனான்.”

“அக்கா, அந்த ரயில் இப்ப ஓடுறேல்லை.”

மாக்கிரட் நிமிர்ந்து பார்த்தாள்.

“ரெண்டாயிரத்து இருபத்திநாலிலை நிப்பாட்டிப்போட்டினம். காட்டுறதெண்டா அவர் இனி கடையிலை விரல் நீளத்திலை வாங்கித்தான் காட்டவேணும். சிலுவை வைச்சுச் சொல்லுறன்.”

அந்த நேரம் கதவு கிறிகோரியின் முதுகில் இடித்தது. டினேஷ். மட்டி மணம் போகக் குளித்து, கோட் போட்டு, முகம் வெளிறி வந்திருந்தான். விமலராணி அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மோதிரம் போட மனம் வரவில்லையாம். அவன் ரயிலில் ஒருநாளும் வேலைக்காகப் பயணம் போனதில்லை. இசுமோவில் ரயில் வந்து நின்றதும் ஏறுவான். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, வளைவில் வயிறு குமட்டிப் பயணிகள் சத்தி எடுத்த இடத்தைக் கழுவி, தொட்டிக்குப் பக்கத்தில் புதுப் பைகளை அடுக்கி இறங்குவான். நாலு வருடமும் அதுதான் ரயில் வேலை. ஆற்றை அவன் எங்கே காண்பது. தரகர் எஞ்சினியர் என்று சொல்லத் தொடங்கியபோது திருத்த வெட்கமாக இருந்தது. வளைவில் சாய்கிற ரயிலையும் அழுக்குக் கழுவிப் பழகினவன் கழற்றுகிற கையுறையையும் சேர்த்துப் பார்த்துத்தான் விமலராணி பையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் கிறிகோரிக்கு விளங்கியது.

“பிறகு ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?” என்று கேட்டான் கிறிகோரி.

“புது ரயில் வரப்போகுது எண்டு ஆக்களைக் குறைச்சவை அண்ணா. அதிலை ஒருத்தரும் பெரிசா சத்தி எடுக்கமாட்டினமாம்.” அவன் குரல் உண்மையாகவே கவலைப்பட்டது. “எனக்கு அங்கை திரும்பிப் போக ஒண்டுமில்லை.”

கிறிகோரி சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினான். மாக்கிரட் டினேஷின் கைகளைப் பார்த்தாள்.

“கையுறை போட்டோ கழுவினனீங்கள்?”

“ஓம் மாமி. நீளக் கையுறை.”

“இருவது வருசமா எனக்கு அதுதான் வேலை,” என்றாள் மாக்கிரட். “எஞ்சினியர் எண்டோடனை, உவர் என்ரை வீட்டிலை எங்கை இருக்கப்போறார் எண்டு பயந்துபோனன்.” ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மறுபடியும் கூட்டினாள். முதல் ரோல்ஸை எடுத்து, ஊதி, அவன் கையில் வைத்தாள்.

பூசை முடிந்ததும் விமலராணி மண்டபத்தில் எழுந்து நின்றாள். ஒரு பிள்ளைகூட அழவில்லை, அப்படி ஒரு அமைதி. மாப்பிள்ளை யப்பானில் இருந்தது உண்மை, படமும் உண்மை, அந்த நிறத்தைத் திரும்பப் பூசியது உண்மை என்றாள். மாப்பிள்ளை ரயில் எஞ்சினியர் என்பது மட்டும் தரகரின் கற்பனை. ரயிலைத் துப்புரவு செய்தவர். கதை அனுப்பியவரையும் கண்டுபிடித்தாகிவிட்டது. அவர் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார், மிச்சத்தையும் கேட்டு மனமும் மாறிவிட்டார், பேர் சொல்லமாட்டேன்.

மாதா சபை முழுவதும் ஒருவரை ஒருவர் பார்த்தது. போன மாதம் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தைக் குழப்பிய மூக்குகள் இரண்டு மூன்று அங்கேயும் இருந்தன, அவை தரையைப் பார்த்தன. தரகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாக்கிரட் ரோல்ஸ் தட்டோடு ஒவ்வொருவராகப் போய், ஒருவர் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள்.

மோதிரம் மாறியது. கேக் வெட்டப்பட்டது. கிறிகோரி வெளியே ஓடிப்போய் ஆப்பேயைப் பார்த்துவிட்டு வந்தான். தண்டச் சீட்டு இல்லை. அந்த நிம்மதியில் இரண்டாவது துண்டுக் கேக்கை வாயில் வைக்கும்போது அனிற்றா பக்கத்தில் வந்து நின்றாள். மினுங்குகிற சாறி, புது மோதிரம். அனுப்பியது யாரென்று உங்களுக்குத் தெரியும்தானே அண்ணா என்று கேட்டாள்.

கிறிகோரி கேக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கினான். பேரை மறைக்கப் பொய் சொல்லவேண்டும், பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுக்கும். கடைசியில், உமக்கு வேண்டாதவர்கள் நிறையப் பேர் இருக்கினம் போல, நான் அகரவரிசையில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஏதோ உளறினான்.

அனிற்றா சிரித்தாள். “கஷ்டப்படாதேங்கோ அண்ணா. எனக்கு அண்டைக்கே தெரியும். சின்னனிலை இருந்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புற குரல், மூக்கைப் பொத்தினால் மாறுமோ?”

அவன் கேக்கை ஒருவாறு விழுங்கினான். மண்டபத்தின் அந்தப் பக்கம் மாக்கிரட் டினேஷின் தட்டில் இன்னொரு ரோல்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் போதும் என்று கையைக் காட்ட, அவள் கேட்பதாக இல்லை.

“தெரிஞ்சுகொண்டோ எங்களை விசாரிக்கச் சொன்னனீர்? அம்மாவோடை ஒரு சண்டை பிடிச்சு முடிச்சிருக்கலாமே.”

அனிற்றா மோதிரத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“பிடிச்சிருக்கலாம்,” என்றாள். “ஆனா, அம்மா சொல்லுறது சில வேளை சரியாவும் இருக்குமெல்லோ.”